சாம்பிராணி வாடையும் தொப்பிப் படமும்

"மாணிக்கம் ஐயா, அந்தத் தொப்பிப் படம் இப்பப் பாத்தாலும் தேறுமா லா?"

கவிதா தொலைபேசியில் இப்படிக் கேட்டதும் பசியாறிக்கொண்டிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டேன். "தேறுமாவா! என்னம்மா கேள்வி இது?" என்று கத்தியே விட்டேன். அடுப்படியிலிருந்து என் மனைவி சரசு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கரண்டியோடு ஓடி வந்தாள்.

நான் வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலையில் கவிதா இப்போது தரம் பார்க்கும் அதிகாரி. நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த பெண். அந்தப் பழைய படத்தை யாரோ துடைத்துத் துலக்கி இணையத்தில் புதிதாகப் போட்டிருக்கிறார்களாம். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் தோட்டத்து மண்டபத்தில் பெரிய திரையில் காட்டப்போகிறார்களாம். தொழிற்சாலைப் பிள்ளைகளுக்குள் வாட்சாப்பில் இதற்கு ஒரே சண்டை. கதை எல்லாம் செல்லாது என்று பாதிப் பேர், இனி அப்படி ஒரு படம் வராது என்று பாதிப் பேர்.

"நீங்கதான் தீர்ப்பு சொல்லணும் ஐயா. கடைசிக் காட்சிக்கு முன்னால படத்த நிறுத்துவோம், நீங்க மேடையில பேசணும். அப்புறம் எழுதியும் குடுங்க, தோட்டத்து மலர்ல போடுறோம்" என்றாள்.

அதைத்தான் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாரியம்மா பார்த்துக்கொள்வாள்.

படத்தின் உண்மையான பெயரைச் சொன்னால் எங்கள் தோட்டத்தில் பலருக்குத் தெரியாது. தொப்பிப் படம் என்றால்தான் தெரியும். தமிழ்நாட்டில் தியேட்டருக்கு வந்த வேகத்திலேயே ஓடிப்போன படமாம். கடல் தாண்டி இந்த மலைக்கு அது கேசட்டாக வந்தது. பக்கத்து ஊரான ரிங்லெட்டில் ஒரு கடையில் வாடகைக்கு எடுப்போம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு வீட்டில் டிவி இருந்தால் மற்ற வீடெல்லாம் அங்கேதான் இருக்கும். போட்டுப் போட்டு நாடா தேய்ந்து, கதாநாயகி முகத்தில் எப்போது பார்த்தாலும் மழை பெய்துகொண்டிருக்கும். அப்படியும் விட்டோமா!

கதை இதுதான். மலைத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் முத்தையன் என்பவன் அடுப்பு வேலைக்காரன். ஒருநாள் அடுப்புக் கதவைச் சாத்த மறந்துவிடுகிறான். ஸ்டோர் தீப்பிடித்து எரிகிறது. பீடி குடிக்கும் கிழவர் ஒருவர் அங்கே காவல்காரர். பழி அவர்மேல் விழுகிறது. தோட்ட மேலாளரான துரை அவரை வேலையிலிருந்து துரத்தப்போகும் நேரத்தில் இடி இடிக்கிறது, முத்தையன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருகிறான். தப்பு என்னுடையது என்கிறான். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, வேலை நேரத்துக்கு ஊதும் ஆலைச் சங்கின் கைப்பிடியில் மாட்டுகிறான். கைப்பிடி இறங்கிச் சங்கு ஊதுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தொழிற்சாலை முழுக்கத் தொப்பியைக் கழற்றுகிறது. துரை அழுகிறார். நாங்களும் அழுவோம்.

அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் வேலையை விடுகிறவன் எவனும் "வேலைய விட்டுட்டேன்" என்று சொன்னதில்லை. "தொப்பிய மாட்டிட்டேன்" என்றுதான் சொல்வான். கல்யாணத்தில் மாப்பிள்ளை வேர்வைக்குத் தலைப்பாகையைக் கழற்றினால், பின்வரிசையிலிருந்து ஒருவன் வாயால் சங்கு ஊதுவான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொல்லும் குறையைக் கவிதா எனக்குப் படித்துக் காட்டினாள். தொப்பி என்ன பத்து கிலோவா, கைப்பிடி இறங்க? பெண்கள் அழுவதற்கு மட்டும்தானா? துரை ஐந்து நிமிடத்தில் திருந்துவாரா? எல்லாம் நியாயமான கேள்வி. நானே இன்னும் பத்து சேர்ப்பேன். கதாநாயகி தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, காய்ந்த தேயிலை சலிக்கும் அறைக்குள் ஓடிப் பாடுகிறாள்! தாமஸ் ஐயா அதைப் பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நான் பதினேழு வயதில் தொழிற்சாலைக்குள் போனேன். பச்சை இலையை மேல்மாடியில் பரப்பி வாட்ட இரண்டு வருடம், உருட்டும் மெஷினில் நான்கு வருடம், புளிக்கப்போடும் இடம், அடுப்பு, சல்லடை என்று ஒவ்வொன்றாகக் கற்றேன். அடிபட்டது, சூடுபட்டது எல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். தூள் தயாரிப்பு முழுவதையும் கவனிக்கும் தலைமை டீமேக்கராக இருந்த தாமஸ் ஐயாதான் என்னை மனிதனாக்கினார். மலையாளி. மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை, சத்தமே போடமாட்டார்.

தேயிலைக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையை இழுத்துக்கொள்ளும். மீன், மண்ணெண்ணெய், சோப்பு, பூ, எது ஆனாலும் சரி. ஆகவே காலையில் தொழிற்சாலை வாசலில் தாமஸ் ஐயா நிற்பார். நாங்கள் வரிசையாகக் கையை நீட்டவேண்டும். குனிந்து முகர்ந்து பார்ப்பார். "நேத்து கருவாடு. போய்க் கழுவிட்டு வா" என்பார். "வாசனைச் சோப்பா? கல்யாணமா உனக்கு?" என்பார். ஒருமுறை கோபால் என்கிற என் கூட்டாளியின் கையை முகர்ந்துவிட்டு, "பீடிய விட்டுட்டேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு வந்தாயோ?" என்று கேட்டார். வரிசையே சிரித்து விழுந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

ருசி பார்க்கும் நாளில் அவர் வெங்காயம் பூண்டு தொடமாட்டார். வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைப்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு தூள், கொதிக்கும் தண்ணீர், மூடி. மணல் கடிகாரம் ஓடி முடியும்வரை யாரும் பேசக்கூடாது. பிறகு கரண்டியில் எடுத்து "சுர்ர்" என்று உறிஞ்சுவார் பாருங்கள், மாடி வரைக்கும் கேட்கும். வாயில் சுழற்றித் துப்புவார். துப்பிவிட்டு வெந்த இலையைக் கவிழ்த்துப்போட்டு, செம்புக் காசு நிறத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார். நானும் பக்கத்தில் நின்று உறிஞ்சப் பழகினேன். என்னை உதவி டீமேக்கர் ஆக்கப்போவதாகப் பேச்சு இருந்தது.

அப்போதுதான் அந்த ஆயுத பூசை வந்தது.

ஆயுத பூசை அன்று மெஷின் எல்லாவற்றையும் நிறுத்திக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, வாசலில் பூசணிக்காய் உடைப்போம். தாமஸ் ஐயா கிறிஸ்தவர். ஆனாலும் முன்னால் வந்து கைகட்டி நிற்பார். அவருக்கு ஒரே சட்டம்தான்: கற்பூரம், சாம்பிராணி எல்லாம் வாசலோடும் உருட்டும் மெஷினோடும் நிற்கவேண்டும். சலிக்கும் அறையின் படியைப் புகை தாண்டக்கூடாது. உள்ளே பெட்டி கட்டத் தயாரான தூள் இருக்கும்.

சலிக்கும் அறைக்குள் சுவரில் ஒரு பிள்ளையார் படம் மாட்டியிருந்தது. பூசை முடிந்து எல்லாரும் சுண்டலுக்கும் பொங்கலுக்கும் வெளியே போய்விட்டார்கள். தூபக்கால் என் கையில் இருந்தது. அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. எல்லா மெஷினுக்கும் தூபம் காட்டியாகிவிட்டது, பிள்ளையாருக்கு மட்டும் இல்லையே என்று என் மனம் அடித்துக்கொண்டது. ஒரு நிமிடம்தானே. உள்ளே போனேன். மூன்று சுற்றுக் காட்டினேன். தோப்புக்கரணம் போட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

சுவரோரம் இருந்த பெட்டிகளுக்கு இன்னும் மூடி போடவில்லை என்பதை நான் பார்க்கவே இல்லை. புகையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியிருந்தேன்.

மறுநாள் தாமஸ் ஐயா கிண்ணத்தை உறிஞ்சிவிட்டுத் துப்பாமல் அப்படியே நின்றார். பிறகு துப்பினார். "இது தேயிலையா, கோயிலா?" என்றார்.

சலிக்கும் அறைச் சாவி பார்வதி அக்காவிடம் இருந்தது. அக்காதான் அங்கே பெண்களுக்குத் தலைமை. புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். பூசை நாள் என்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, நம் பெண்கள் செய்வதுபோலவே ஈரக் கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை போட்டு வந்திருந்தாள். மறுநாளும் அந்த வாசம் முடியில் நின்றது. தாமஸ் ஐயா அவள் பக்கம் குனிந்து முகர்ந்தார். அவர் முகம் கறுத்துவிட்டது.

"நான் ஒண்ணும் கொண்டுபோகலீங்க ஐயா. வீட்டுல போட்ட புகைதான் இது" என்றாள் அக்கா.

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்டதான். ஆனா நான் இல்லீங்க."

அவ்வளவுதான். வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். கடிதம் ஆபீசுக்குப் போனது. துரை முடிவு சொல்லும்வரை வேலை இல்லை. வேலை போனால் லயத்து வீடும் போகும். இரண்டு பிள்ளைகளோடு அவள் எங்கே போவாள்? அங்கே நின்ற எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். நான் இரண்டு அடி தள்ளி, கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

வாய் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? "அம்மா, அந்த வாடை போயிடணும்" என்று வேண்டினேன். மறுநாள் காலை பெட்டியை முகர்ந்தேன். போகவில்லை. அன்றும் போய் வேண்டினேன். சாமிக்குச் செய்த காரியம், சாமியே பார்த்துக்கொள்ளட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடவுள் மேல் பழியைப் போடும் பக்தன் நான். எழுதக் கை கூசுகிறது. ஆனால் அதுதான் உண்மை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கோபால் வீட்டில் மறுபடியும் தொப்பிப் படம். போகக்கூடாது என்று நினைத்தேன், கால் போய்விட்டது. கடைசிக் காட்சி வந்தது. முத்தையன் தொப்பியைக் கழற்றினான். எல்லாரும் விசிலடித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் தூக்கிப்போட்டது. அடடா, செய்யவேண்டியது இதுதானே! நாளைக்கே செய்கிறேன்! நான் நின்றால் எல்லாரும் என் பின்னால் நிற்பார்கள்! வீட்டுக்கு வந்து சரசுவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரி, செய்யிங்க. ஆனா படத்துல வர்ற மாதிரி மார்ப நிமித்திக்கிட்டுப் போகாதீங்க" என்றாள்.

நான் மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன்.

எங்கள் சங்குக்குக் கைப்பிடி கிடையாது, சுவரில் ஒரு பொத்தான். அதில் தொப்பி மாட்ட முடியுமா? அதனால் உருட்டும் மெஷின் பக்கத்தில் இருந்த இரும்புக் கம்பியில் மாட்டினேன். மாட்டிவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சாம்பிராணி காட்டினது நான்தான்! பார்வதி அக்கா இல்ல!" என்று கத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணைத் திறந்தால் இரண்டு பேர்தான் திரும்பிப் பார்த்தார்கள். கோபால் ஓடி வந்தான்.

"டேய் மாணிக்கம்! தொப்பிய எடுடா! பெல்ட்டுல போய்ச் சிக்குச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"கோபாலு, நீயும் உன் தொப்பிய..."

"என் தொப்பிய எதுக்குடா? எனக்கு வேலை இருக்கு லா!"

அதற்குள் தாமஸ் ஐயா வந்துவிட்டார். நான் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தார்.

"எந்தா மாணிக்கம், தொப்பி எதுக்குக் குடுத்தது? முடி இலையில விழாம இருக்கத்தானே. எடுத்துப் போடு. பின்னே பேசு."

எடுத்துப் போட்டுக்கொண்டேன். இத்தனை தடவை அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேனே, அவ்வளவு பேர் தொப்பியைக் கழற்றினால் இலையில் எவ்வளவு முடி விழும் என்று ஒருநாளாவது யோசித்திருப்பேனா!

ருசி பார்க்கும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். திட்டவில்லை. கேள்வி கேட்டார். எந்தக் கதவு வழியாகப் போனாய்? எங்கே நின்றாய்? எத்தனை சுற்று? புகை எந்தப் பக்கம் போயிற்று? எந்தப் பெட்டிக்கு மூடி இல்லை? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். பிறகு ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் தூள் எடுத்து வரிசையாகக் கிண்ணம் வைத்தோம். "நீ பாரு. நான் பார்த்து ஒருதரம் தப்பாப் போச்சு" என்றார். சுவரோரம் இருந்த பெட்டிகள் கெட்டிருந்தன. நடுவில் இருந்தவை பிழைத்தன. கெட்டதைச் செடிக்கு உரமாகக் கொட்டச் சொன்னார்.

எல்லாம் முடிந்தபின் தொப்பியைச் சரி செய்துகொண்டு, "வா" என்றார். லயத்துக்கு நடந்தே போனோம். பார்வதி அக்கா வீட்டு வாசலில் துணி மூட்டை கட்டி வைத்திருந்தது. தாமஸ் ஐயா படி ஏறாமல் கீழேயே நின்றார்.

"பார்வதி, என் மூக்கு தப்பாப் போச்சு. கடிதத்த நானே போய் வாங்கிட்டு வரேன். நாளைக்கு வேலைக்கு வா" என்றார்.

மூக்கை நம்பிப் பிழைத்த மனிதர் அவர். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

அக்கா அவருக்குத் தலையாட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மூணு நாளா மாணிக்கம்?"

அவ்வளவுதான் கேட்டாள். படத்தில் முத்தையன் தப்பு செய்ததும் இடி இடிக்கிறது, உடனே உண்மையைச் சொல்லிவிடுகிறான். நடுவில் மூன்று நாள் இல்லை.

என்னை மறுபடியும் மேல்மாடிக்கு அனுப்பினார்கள், இலை வாட்ட. உதவி டீமேக்கர் ஆவதற்கு இன்னும் சில வருடம் ஆயிற்று. அதில் எனக்கு வருத்தம் இல்லை. பார்வதி அக்கா மறுநாள் வேலைக்கு வந்தாள். தலையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு வந்திருந்தாள். வாசலில் கையோடு சேர்த்துத் தலையையும் குனிந்து காட்டினாள். தாமஸ் ஐயா முகராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து அக்கா கூந்தலுக்குச் சாம்பிராணி போட்டு நான் கண்டதில்லை. வேலையில் இருந்தவரை சரி. ஓய்வு பெற்ற பிறகும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும்கூட இல்லை.

இனி வரும் பகுதிதான் எழுத எனக்கு வெட்கம்.

தாமஸ் ஐயா ஊருக்குப் போய்விட்டார், பிறகு காலமாகிவிட்டார். பழைய ஆட்கள் குறைந்தார்கள், புது ஆட்கள் வந்தார்கள். கோபால் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் இந்தக் கதையைச் சொல்வான். முதலில் நான் தொப்பியை மாட்டியது மட்டும்தான் கதையில் இருந்தது. பிறகு கோபாலும் மாட்டினான். இன்னும் கொஞ்ச காலத்தில் தொழிற்சாலை முழுக்க மாட்டிவிட்டது. கடைசியில் சங்குகூட ஊதிவிட்டது! பொத்தான் சங்கு! என் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் போய், "எங்க தாத்தாதான் நெஜ முத்தையன்" என்று சொல்லிக்கொண்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு இருந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பிறகுதான் கவிதா ஒட்டிய நோட்டீசைப் பார்த்தேன். "நம் தோட்டத்து முத்தையன் மாணிக்கம் ஐயாவுக்குப் பொன்னாடை. அணிவிப்பவர்: திருமதி பார்வதி."

"அக்கா சரின்னு சொன்னாங்களா?" என்றேன்.

"கேட்டவுடனே சரின்னுட்டாங்க ஐயா. ஏன், சந்தோஷம்தானே?"

சரசு அன்றைக்கும் அதே பார்வை பார்த்தாள். "மூணு நாள் போதாதுன்னு, இப்ப இத்தன வருஷமா?" என்றாள். நான் கோயிலுக்குப் போனேன். இந்த முறை வாடை போகவேண்டும் என்று வேண்டவில்லை. நாக்கு எழும்பினால் போதும் என்று வேண்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. பிரிஞ்சாங்கிலிருந்தும் கம்போங் ராஜாவிலிருந்தும் பழைய ஆட்கள் பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். இப்போது தொழிற்சாலையில் வேலை செய்யும் பங்களாதேஷ் தம்பிகளும் பின்வரிசையில் இருந்தார்கள். வெளியே மழை, நல்ல குளிர். படம் ஓடத் தொடங்கியது. ஆஹா, எவ்வளவு துலக்கம்! கதாநாயகி முகத்தில் மழையே இல்லை. முதல்முறையாக அவளுக்கு மூக்குத்தி இருப்பதைப் பார்த்தேன்! மல்லிகைப்பூப் பாட்டு வந்தபோது கவிதா என் பக்கம் குனிந்து, "ஐயோ, அந்த பேட்ச் பூரா குப்பைக்குத்தான்" என்றாள். நான் சிரித்ததில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பின்வரிசைத் தம்பிகளுக்கு மொழி புரியாது. ஆனாலும் ஸ்டோர் எரியும்போது எழுந்தே நின்றுவிட்டார்கள்.

துரை காவல்காரரைக் கூப்பிட்டு நிறுத்தும் இடத்தில் படத்தை நிறுத்தினார்கள். விளக்கு எரிந்தது. பார்வதி அக்கா தட்டில் பொன்னாடையோடு மேடைக்கு வந்தாள். எண்பதை நெருங்கிய உடம்பு. ஆனால் நடை தடுமாறவில்லை. கைதட்டல் காதைப் பிளந்தது. அக்கா சால்வையை விரித்தாள்.

"கொஞ்சம் இரு அக்கா" என்றேன்.

மைக்கை வாங்கினேன். கோபால் மூன்றாம் வரிசையில் தயாராகத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தான்.

"எல்லாரும் நெனைக்கிற மாதிரி நடக்கல. யாரும் தொப்பியக் கழட்டல. சங்கு ஊதல. எல்லாரும் வேலையப் பாத்தாங்க. அதுதான் சரி, மெஷின் ஓடுறப்ப வேற என்ன செய்வாங்க? கோபாலு என்னையத் திட்டினான்."

"நெசம்தான் லா!" என்று கோபால் கத்தினான். மண்டபம் சிரித்தது.

சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன். அடங்கியது.

"அதுகூடப் பரவால்ல. தப்பு பண்ணி மூணு நாள் நான் வாயத் தொறக்கல. அக்கா வீட்டுல மூட்ட கட்டுற வரைக்கும் தொறக்கல. இத்தன வருஷமா எல்லாரும் என்னைய முத்தையன்னு சொன்னப்பவும் தொறக்கல. இந்தச் சால்வை எனக்கு இல்ல."

கவிதா மேடைக்குக் கீழே வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பார்வதி அக்கா என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"இந்தப் படத்துல அந்தக் காவக்காரக் கெழவனுக்குக் கடைசியில ஒரு பேச்சுகூட இல்ல, பாத்திருக்கீங்களா? எல்லாரும் தொப்பியக் கழட்டுவாங்க, அழுவாங்க, கட்டிப்பிடிப்பாங்க. அந்த மனுசன எவனும் ஒண்ணும் கேக்கமாட்டான். நான் ஒவ்வொரு தடவையும் அந்த ஆளத்தான் பாப்பேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அந்த மூணு நாளும் என் மக பள்ளிக்கூடம் போகல. வேலைய விட்டு அனுப்பினா திருட்டுன்னுதானே நெனைப்பாங்க, திருடி பொண்ணுன்னு யாராச்சும் சொல்லிடுவாங்களோன்னு பயம். நான் எதையும் திருடல. ஆனா சின்னப் புள்ளைக்கு அது தெரியுமா? இத இன்னிக்குத்தான் சொல்றேன். இன்னிக்குத்தான் சொல்ல எடம் கெடைச்சுது."

பிறகு கையிலிருந்த பொன்னாடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"குளுருது. இத நானே போத்திக்கிறேன்" என்று தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். "படத்தப் போடுங்க. அந்தச் சங்கு ஊதுறது நல்லாருக்கும்."

அப்போது எழுந்ததுபோல் ஒரு கைதட்டலை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. படம் மறுபடி ஓடியது. இடி இடித்தது. முத்தையன் தொப்பியை மாட்டினான். பொய் என்று தெரியும், இலையில் முடி விழும் என்று தெரியும். ஆனாலும் கோபால் தொப்பியைத் தூக்கி எறிந்தான், பின்வரிசைத் தம்பிகள் எறிந்தார்கள், நான் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தேன்! அப்படியே அக்கா சொன்ன இடத்தைப் பார்த்தேன். இருக்கிறது! கூட்டத்துக்குப் பின்னால், திரையின் ஓரத்தில், அந்தக் கிழவர் ஒரு கல்லில் உட்கார்ந்திருக்கிறார். எல்லாரும் கட்டிப்பிடிக்கும்போது அவர் தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் எழுந்து போகிறார். படம் எடுத்தவனுக்குத் தெரிந்திருக்கிறது! தேய்ந்த நாடாவில் அது எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் நாங்கள் முத்தையனையே பார்த்துக்கொண்டிருந்தோமா, சொல்லத் தெரியவில்லை.

ஆகவே கவிதா, உன் கேள்விக்கு என் பதில். கதை தேறாது. தொப்பி கைப்பிடியை இறக்காது, துரை அழமாட்டார், நீ நின்றால் யாரும் உன் பின்னால் நிற்கமாட்டார்கள். ஆனால் அந்தப் படம் இல்லையென்றால் நான் நான்காம் நாளும் வாயைத் திறந்திருக்கமாட்டேன். ஓரத்தில் போகும் அந்தக் கிழவருக்காக அதை இன்னொரு முறை போடு. நான் முதல் ஆளாக வந்து உட்காருவேன்.

போன வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பார்வதி அக்காவைப் பார்த்தேன். தீபாராதனை முடிந்து திருநீறு வாங்கக் குனிந்தபோது சாம்பிராணி வாசம் வந்தது. கோயிலுக்குள்ளே அதை நம்ப முடியாது, அங்கே எங்கும் புகைதான். தாமஸ் ஐயாவிடம் வேலை கற்றவன் நான், பொறுத்திருந்தேன். வெளியே செருப்பு விடும் இடத்தில், மலைக்காற்று நேராக வீசும் இடத்தில், அக்கா என்னைத் தாண்டிப் போனாள். நரைத்த கூந்தலை ஈரம் காய விரித்துப் போட்டிருந்தாள்.

அங்கேயும் அந்த வாசம் வந்தது.